பேருக்குக் கீழ என்ன போடுவீங்க? இன்ஜினியரிங் காலேஜ் நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

தாளாளர்களுக்கும் பிரின்சிபால்களுக்கும், முக்கியமா பிளேஸ்மெண்ட் ஆபீசர் சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம்.

போன மாசம் ஊருக்குப் போயிட்டு பஸ்ல திரும்பி வரும்போது ஒரு காலேஜ் வாசல்ல பெரிய ஃப்ளெக்ஸ் ஒண்ணு பாத்தேன், டிராபிக்ல பஸ் அங்கயே அஞ்சு நிமிஷம் நின்னதால முழுசா படிக்க முடிஞ்சது. நாப்பது நாப்பத்தஞ்சு பிள்ளைங்க போட்டோ இருக்கும். ஒவ்வொரு முகத்துக்குக் கீழயும் ஒரு கம்பெனி பேரு, அதுக்குக் கீழ இத்தன லட்சம்னு ஒரு நம்பர். அதிக சம்பளம் வாங்குன பையன் போட்டோ நடுவுல பெருசா இருக்கு, சம்பளம் குறையக் குறைய முகமும் சின்னதாகிட்டே போகுது, கடைசி வரிசைல இருக்குற பொண்ணு முகம் ஸ்டாம்ப் சைஸ்தான். அந்த பேட்ச்ல வேலை கிடைக்காத பிள்ளைங்களும் இருந்திருப்பாங்கல்ல, அவங்க யாரும் அந்த பேனர்ல இல்ல. தினம் காலைல அந்த கேட்டு வழியாதான அவங்களும் உள்ள போகணும்.

அந்த பேனரைப் பாத்ததுல இருந்து மனசுல ஓடிட்டிருக்குறதைத்தான் எழுதுறேன். யாரையும் குத்தம் சொல்லி பேர் வாங்கணும்னு இல்ல, உங்கள்ல நிறைய பேர் பிள்ளைங்களுக்காக ராத்திரி பத்து மணி வரைக்கும் ஹெச்ஆர்களுக்கு போன் போட்டு கெஞ்சுறவங்கன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்.

நான் 2003ல இன்ஜினியரிங் முடிச்சவன். சொந்த ஊர் ராஜபாளையத்துக்குப் பக்கத்துல ஒரு கிராமம், எங்க குடும்பத்துல முதல்ல டிகிரி வாங்குனது நான்தான். ஒரு வருஷம் அலைஞ்சு 2004ல சென்னைல ஒரு ஐடி கம்பெனில சேந்தேன், அப்புறம் ரெண்டு கம்பெனி மாறுனேன், மொத்தம் 19 வருஷம் ஐடி கம்பெனிங்க வரிசையா இருக்குற ஓஎம்ஆர் ரோட்டுலயே போயிடுச்சு. 2023ல ஒரு நாள் மத்தியானம் மீட்டிங்னு கூப்ட்டு, நீங்களே ரிசைன் பண்ணிட்டா ரிலீவிங் லெட்டர் சுத்தமா வரும், இல்லன்னா நாங்க டெர்மினேட் பண்ண வேண்டியிருக்கும்னு சொன்னாங்க. இருபது நிமிஷம்தான். லேப்டாப்பையும் ஐடி கார்டையும் வாங்கிட்டாங்க. கார்டை டேக்ல இருந்து கழட்டி எடுத்துக்கிட்டு டேக்கை மட்டும் டேபிள் மேல வச்சாங்க, அதை என்ன பண்றதுன்னு தெரியாம பாக்கெட்ல போட்டுக்கிட்டு வந்தேன், இன்னும் வீட்டு பீரோலதான் கிடக்கு.

பணக் கஷ்டம் வரும்னு எதிர்பாத்தேன், அதுக்கு கொஞ்சம் தயாராவும் இருந்தேன். பிஎஃப் இருந்துச்சு, மனைவி ஸ்கூல் டீச்சர், வீட்டு லோன் மட்டும்தான் பாரம். ஆனா எதிர்பாக்காதது ஒண்ணு நடந்துச்சு. மறுநாள் காலைல எந்திரிச்சு குளிச்சு ஷர்ட் இன் பண்ணி பேக் மாட்டிக்கிட்டு, எப்பவும் ஏறுற ஸ்டாப்புக்கே போய் நின்னேன். எட்டு பத்துக்கு கம்பெனி பஸ் வந்துச்சு, நின்னுச்சு, போச்சு. எங்க போறதுன்னு தெரியாம கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போனேன். அப்படியே அஞ்சு வாரம் தினமும் போனேன். சொந்த புக் கொண்டு வந்து படிக்கிற செக்‌ஷன்ல முழுக்க டிஎன்பிஎஸ்சி, யுபிஎஸ்சி படிக்கிற பிள்ளைங்க, நடுநடுவுல என் வயசுல லேப்டாப் பேகோட நாலஞ்சு பேர். ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவோம், பேசிக்க மாட்டோம். பேசுனா முதல் கேள்வி என்னவா இருக்கும்னு எல்லாருக்கும் தெரியும்ல.

அங்க உக்காந்துதான் மரியன்தால்ங்கிற ஊரைப் பத்திப் படிச்சேன். ஆஸ்திரியால வியன்னாவுக்குப் பக்கத்துல ஒரு சின்ன ஊர், ஊர் முழுக்க ஒரே டெக்ஸ்டைல் மில்லை நம்பி இருந்தவங்க, 1930 வாக்குல மில்லை மூடிட்டாங்க. மேரி யகோடான்னு ஒரு இளம் ஆராய்ச்சியாளரும் அவங்க கூட இருந்தவங்களும் அந்த ஊருக்குப் போய் எல்லாத்தையும் கவனிச்சு 1933ல வெளியிட்டாங்க. வேலை இல்லன்னா நேரம் நிறைய இருக்கும், ஊர் லைப்ரரில கூட்டம் கூடியிருக்கும்னுதான நாம நெனப்போம், அங்க புக் எடுக்குறது குறைஞ்சுபோச்சு, பேப்பர் படிக்கிறது குறைஞ்சுபோச்சு, மில்லு ஓடுனப்ப சுறுசுறுப்பா இருந்த சங்கங்க படுத்துடுச்சு. ஆம்பளைங்க தெருவுல நடக்குற வேகத்தை கடிகாரம் வச்சு அளந்திருக்காங்க, நாலடி நடந்து நின்னு நாலடி நடந்து நின்னு போயிருக்காங்க. பொம்பளைங்க மட்டும் நிக்காம வேகமா நடந்திருக்காங்க, ஏன்னா சமையலும் துணி துவைக்கிறதும் பிள்ளை வளக்குறதும் அவங்களுக்கு நிக்கவே இல்ல. இதைப் படிச்சிட்டு புக்கை மூடி வச்சேன். அன்னைக்குக் காலைல அடையாறு பாலத்துல மூணு தடவ நின்னது ஞாபகம் வந்துச்சு.

அந்த அம்மா பின்னாடி எழுதுனதோட சாரம் இதுதான், வேலை பணம் மட்டும் தர்றதில்ல. நாளுக்கு ஒரு ஒழுங்கு, வீட்டுக்கு வெளிய நாலு மனுஷங்க, நம்ம தனியாள விட பெருசா ஒரு காரியத்துல பங்கு, ஊர்ல ஒரு இடம், கைக்கு எப்பவும் ஒரு வேலை, இத்தனையும் சேத்துத் தருது. அதனாலதான் அது போனா மனுஷன் அவ்வளவு ஆடிப்போறான். எனக்கு இந்த அஞ்சும் ஒரே எடத்துல இருந்துதான் வந்துச்சு, 19 வருஷமா. ஒத்தத் தூண் மேல வீட்டைக் கட்டிட்டு தூண் உருவப்பட்டதும் ஐயோன்னா என்ன பண்றது.

ஆனா எங்க அப்பா அப்படி இல்ல. அவரைப் பத்தி சொன்னாத்தான் நான் உங்ககிட்ட என்ன கேக்குறேன்னு புரியும்.

அப்பா ஒரு ஸ்பின்னிங் மில்லுல நூல் நூக்குற ரிங் பிரேம் மிஷின் ஓட்டுற சைடர். மூணு ஷிப்ட்டும் மாறி மாறி பாப்பாரு. தலைமுடி, புருவம், காது மடல் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்கும், வாசல்லயே நின்னு துண்டால தட்டிட்டுத்தான் உள்ள வருவாரு. ஆனா ஊர்ல யாரும் அவரை மில்லுக்காரர்னு கூப்ட மாட்டாங்க. அவரு ஒயிலாட்ட வாத்தியார், எங்க பக்கம் அண்ணாவின்னு சொல்லுவோம். பங்குனி மாசம் வர்ற மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு மூணு வாரம் முன்னாடி இருந்து ராத்திரி சாப்ட்டுட்டு கோயில் முன்னாடி பழக்கம் நடக்கும், இருபது பேர் ரெண்டு வரிசையா நிப்பாங்க, கைல கலர் துணி, கால்ல சலங்கை, அப்பா முன்னாடி நின்னு சிங்கின்னு சொல்ற கைத்தாளத்தைத் தட்டிக்கிட்டே பாட்டெடுப்பாரு. முதல் ஷிப்ட் இருந்தா விடியக்காலம் நாலரைக்கு எந்திரிக்கணும், ஆனாலும் பதினொரு மணி வரைக்கும் ஆடவச்சிட்டுத்தான் வருவாரு. என்னையும் ஆறாங்கிளாஸ்ல இருந்து கடைசி ஆளா நிறுத்துவாரு. பின்னங்கால் வைக்கிறப்ப உடம்பு லேசா சாஞ்சு துணி தோளுக்கு மேல போய் விழணும், அது விழுற சத்தமும் சலங்கைச் சத்தமும் ஒண்ணா கேக்கணும்பாரு. எனக்கு அது வர ரெண்டு பொங்கல் ஆச்சு.

1997ல மில்லை மூடிட்டாங்க. அப்ப நான் பிளஸ் ஒன். அது சாதாரண கஷ்டம் இல்ல, அதை அழகா சொல்ல எனக்கு மனசு வராது, அம்மா தீப்பெட்டி ஒட்டுனாங்க, அப்பா கட்டட வேலைக்குப் போனாரு, ஒரு வருஷம் வீட்ல கறி எடுத்ததே இல்ல. அப்பா ரொம்ப ஒடஞ்சாரு. ஆனா பங்குனி வந்ததும் பசங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க. அண்ணாவி, பழக்கம் எப்ப ஆரம்பிக்கலாம்னு கேட்டாங்க. அப்பா சட்டைய மாட்டிக்கிட்டு போனாரு. மில்லு மூடுனதால அந்த ஊர்ல அவரு யாருங்கிறது மாறல, அவ்வளவுதான். அந்த ஒரு தூண் நின்னதால மத்தத கொஞ்சம் கொஞ்சமா தூக்கி நிறுத்தினாரு. அந்த கட்டடக் கூலில இருந்துதான் எனக்கு ஃபீஸ் கட்டுனாரு.

நான் பத்தாவதோட ஆட்டத்தை விட்டுட்டேன். பப்ளிக் எக்ஸாம், அப்புறம் பிளஸ் டூ, அப்புறம் என்ட்ரன்ஸ், அப்புறம் காலேஜ். ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் இப்ப படி, அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னாங்க. யாரும் கெட்ட எண்ணத்துல சொல்லல. ஆனா அந்த அப்புறம் வர்றதுக்கு எனக்கு 42 வயசாச்சு.

இங்க நீங்க ஒண்ணு சொல்லுவீங்க, சொல்றது நியாயமும் கூட. எங்ககிட்ட வர்ற பாதி பிள்ளைங்க வீட்ல முதல் பட்டதாரி, அப்பா கடன் வாங்கி அனுப்புறாரு, அட்மிஷனுக்கு வர்ற பெத்தவங்க கேக்குற முதல் கேள்வியே பிளேஸ்மெண்ட் எவ்வளவு பர்சன்ட்னுதான், இதுல ஒயிலாட்டம் கத்துக்குடுன்னா எப்படின்னு கேப்பீங்க. நானும் அதே முதல் பட்டதாரிதான் சார். அந்த வேலைதான் எங்க அம்மா கைல இருந்து தீப்பெட்டி பசைய எடுத்துச்சு, அதை நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன். வேலை வேணாம்னோ சம்பளம் முக்கியமில்லன்னோ சொல்ல எனக்கு வாயே வராது.

ஆனா நம்ம ஊர் வரலாறு உங்களுக்கும் தெரியும். மனுஷன் யாருன்னு கேட்டா அவன் செய்ற தொழிலைச் சொல்லி, அந்தத் தொழிலை பொறப்போட கட்டி, அதுலயே தலைமுறை தலைமுறையா அடைச்சு வச்சிருந்த ஊர் இது. 1953ல பள்ளிக்கூட நேரத்தைக் குறைச்சு மீதி நேரம் அப்பன் தொழிலைக் கத்துக்கட்டும்னு ராஜாஜி ஆட்சில திட்டம் வந்தப்ப, குலக்கல்வின்னு பேர் வச்சு பெரியார்ல இருந்து எத்தன பேர் எதுத்து நின்னாங்க, 1954ல காமராஜர் முதலமைச்சர் ஆனதும் அது கைவிடப்பட்டுச்சு. செருப்பு தைக்கிறவர் மகன் செருப்பு தைக்கிறவன் மட்டும் இல்ல, அவனுக்குள்ள வேற என்னென்னவோ இருக்குன்னு சொல்லத்தான் அத்தன பேர் போராடுனாங்க. அந்தக் கதவு திறந்ததாலதான் நானும் என்ன மாதிரி லட்சம் பேரும் உங்க காலேஜுக்குள்ள வந்தோம். வந்த பிள்ளைங்க முகத்துக்குக் கீழ மறுபடியும் தொழிலையும் கூலியையும் மட்டும் எழுதி கேட்டுல மாட்டலாமா? எனக்கு அந்த பேனரைப் பாத்தப்ப வயிறு எரிஞ்சது இதனாலதான்.

இன்னொரு விஷயம், இது நேரடியா ஒரு காலேஜ் எனக்குச் செஞ்சது, பேர் சொல்லல. வேலை போய் மூணு மாசத்துல அலம்னி மீட்டுக்கு ஃபார்ம் வந்துச்சு. பேர், பேட்ச், கம்பெனி, டெசிக்னேஷன். கடைசி ரெண்டும் சிவப்பு ஸ்டார், நிரப்பலன்னா சப்மிட் ஆகாது. இப்போதைக்கு இல்லன்னு ரெண்டுலயும் டைப் பண்ணி அனுப்புனேன். மறுநாள் காலேஜ்ல இருந்து போன், உங்களை ஜூனியர்ஸ்கிட்ட பேச வைக்கலாம்னு போட்டிருந்தோம் சார், நீங்க செட்டில் ஆயிடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்க. 19 வருஷம் நான் கத்துக்கிட்டது எல்லாம் அப்பவும் என் மண்டைக்குள்ளதான் இருந்துச்சு, அதுல எதையும் கம்பெனி திருப்பி வாங்கிக்கல. எங்க பேட்ச் பொண்ணுங்க ஏழெட்டு பேர் குழந்தை பொறந்ததும் வேலையை விட்டவங்க, அவங்க ஏன் எந்த மீட்டுக்கும் வர்றதில்ல, வாட்ஸப் குரூப்ல கூட ஏன் பேசுறதில்லன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சது. இத்தனை வருஷம் அதைக் கவனிக்கவே இல்ல நான், அது என் தப்பு. அந்த ரெண்டு சிவப்பு ஸ்டாரை எடுத்து விடுங்க, அஞ்சு நிமிஷ வேலை.

இதெல்லாம் என் கதை, எப்படியோ எந்திரிச்சிட்டேன். இந்த மடலை எழுத வச்சது என் அக்கா பையன்.

அவன் ஃபைனல் இயர் ஈசிஇ. எங்க ஊர் வாலிபால் டீம்ல அவன்தான் செட்டர், பால் அவன் விரல்ல இருந்து கிளம்புறப்ப சத்தமே வராது, அடிக்கிறவன் எங்க நிக்கிறான்னு திரும்பிப் பாக்காமயே தூக்கிக் குடுப்பான். தேர்ட் இயர்ல பிடி ஹவரை ஆப்டிடியூடுக்கு எடுத்துக்கிட்டாங்க, லைப்ரரி ஹவரை சாஃப்ட் ஸ்கில்ஸுக்கு எடுத்துக்கிட்டாங்க, சாயங்காலம் நாலரைல இருந்து ஆறரை வரைக்கும் கோடிங் டிரெய்னிங். வாலிபால் போச்சு. சரி, ஒரு வருஷம்தானன்னு வீட்ல நாங்களும் சொன்னோம். ஃபைனல் இயர்ல ஏழு கம்பெனி வந்துச்சு, ரெண்டுல கடைசி ரவுண்டு வரைக்கும் போனான், கிடைக்கல. கிளாஸ்ல ஆஃபர் வாங்குனவங்க லிஸ்ட்டை நோட்டீஸ் போர்டுல ஒட்டி வச்சிருக்காங்களாம், புதுசா ஒருத்தனுக்குக் கிடைச்சா அன்னைக்கே பேர் ஏறுமாம்.

பங்குனிப் பொங்கலுக்கு அவன் ஊருக்கு வரல. எக்ஸாம்னு அக்காகிட்ட சொல்லியிருக்கான். பொங்கல் அன்னைக்கு டீமே அவனுக்காக கிரவுண்டுல காத்துக்கிட்டு நிக்கிது. நான் போன் போட்டேன். ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், மாமா, வந்தா எல்லாரும் கேப்பாங்க மாமா, நான் என்னன்னு சொல்றதுன்னான்.

நான் என்னன்னு சொல்றது. எனக்கு 42 வயசுல அண்ணா லைப்ரரில உக்காந்து வந்த கேள்வி அவனுக்கு 21 வயசுலயே வந்திருச்சு. நானாவது 19 வருஷம் வேலை பாத்துட்டு இழந்தேன், அவன் இன்னும் ஒரு நாள் கூட வேலை பாக்கல. ஊரே செட்டர்னு சொல்ற பையன் தன்னை ஒண்ணும் இல்லாதவனா நெனைக்கிறான்னா, அந்த நினைப்பை அவனுக்கு யார் குடுத்தா? நானும் குடுத்திருக்கேன். போன் பண்றப்பல்லாம் எந்த கம்பெனி வந்துச்சுன்னுதான கேட்டேன், ஒரு தடவ கூட மேட்ச் என்னாச்சுடான்னு கேக்கல. ஆனா தினம் எட்டு மணி நேரம் அவன் உங்ககிட்டதான் இருக்கான்.

புதுசா எதையும் நீங்க ஆரம்பிக்க வேண்டியதில்ல, ஏற்கனவே உங்க காலேஜ்ல எல்லாம் இருக்கு. என்எஸ்எஸ்னு நாட்டு நலப்பணித் திட்டம் இருக்கு, காந்தி நூற்றாண்டுல, 1969ல ஆரம்பிச்சது, ரெண்டு வருஷத்துல 240 மணி நேரம், ஏழு நாள் ஒரு கிராமத்துல தங்கி கேம்ப்னு விதியே இருக்கு. அதை நிஜமா நடத்துங்க. முதல் நாள் மரக்கன்னு நட்டு போட்டோ எடுத்துட்டு மீதி ஆறு நாளை ரிப்போர்ட்ல மட்டும் நடத்தாதீங்க. நான் செகண்ட் இயர்ல போன கேம்ப்ல ஒரு ஊரணில ஏழு நாள் மண்ணு அள்ளுனோம், இருபத்திமூணு வருஷம் கழிச்சும் அந்த ஊர் பக்கம் போனா தண்ணி கிடக்குதான்னு பாக்கத் தோணுது. அது என் சம்பளத்தோட எந்த சம்பந்தமும் இல்லாத ஒரு உறவு. தமிழ் மன்றம்னு எல்லா காலேஜ்லயும் இருக்கு, வருஷத்துக்கு ஒரு தடவ சிறப்பு விருந்தினர் கூப்ட மட்டும் அது இருக்கக் கூடாது. பிடி ஹவரை மட்டும் தயவுசெஞ்சு தொடாதீங்க. ஒரு மணி நேரம் கூடுதலா ஆப்டிடியூட் போட்டு எத்தன பேருக்கு வேலை கூடுச்சுன்னு நீங்களே உங்க ரெக்கார்டை எடுத்துப் பாருங்க.

பேனரைப் பத்தி. அட்மிஷனுக்கு அது வேணும்னு சொல்லுவீங்க, புரியுது, எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டீங்க. அப்படின்னா முகத்தை எல்லாம் ஒரே சைஸ்ல போடுங்க. சம்பளத்தைத் தனித்தனியா போடாதீங்க. அது பக்கத்துலயே இன்னொரு பேனர் வைங்க, அதுல கம்பெனி பேரே வேணாம், இந்தப் பொண்ணு நூறு யூனிட் ரத்தம் சேத்துக் குடுத்தா, இந்தப் பையன் ஹாஸ்டல்ல ஜூனியர் நாலு பேருக்கு மேக்ஸ் அரியர் கிளியர் பண்ண வச்சான், இவன் செட்டர், இவ மேடை நாடகம் எழுதுறவன்னு போடுங்க. அதுல வேலை கிடைச்சவங்களும் இருப்பாங்க கிடைக்காதவங்களும் இருப்பாங்க, பாக்குறவங்களுக்கு எது யாருன்னு தெரியவும் வேணாம். நோட்டீஸ் போர்டு லிஸ்ட்டை இன்னைக்கே கிழிங்க, அதுல எனக்கு சமாதானமே கிடையாது. யாருக்கு ஆஃபர் வந்துச்சுன்னு பிள்ளைங்களுக்கு வாட்ஸப்ல ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிரும், நீங்க ஒட்டுறது வராதவனுக்காகத்தான்னு அவன் நெனைக்கிறான்.

எனக்கு என்ன ஆச்சுன்னு சொல்லாம விட்டுட்டேன். அந்த வருஷம் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன், சாயங்காலம் அப்பா ஒண்ணும் கேக்கல, பெட்டியத் திறந்து சிங்கிய எடுத்தாரு. 72 வயசு அவருக்கு. வாடான்னாரு. மொட்டை மாடில அவரு தட்ட நான் ஆடுனேன், முதல் அடியே தப்பு, முட்டி வலிக்குது, மூச்சு வாங்குது, மூணாவது நாள் சாயங்காலம் பின்னங்கால் வச்சு சாஞ்சப்ப துணி தோளுக்கு மேல போய் சரியா விழுந்துச்சு. அப்பா தட்டுறதை நிறுத்தல. நான் அழுதுக்கிட்டேதான் ஆடுனேன், அவரும் பாத்துக்கிட்டுத்தான் தட்டுனாரு.

அடுத்த நாலு மாசத்துல வேற வேலை கிடைச்சது, சம்பளம் முன்ன வாங்குனதுல முக்கால்வாசி. வேலையை நல்லாத்தான் பாக்குறேன், ஆறு மணிக்கு எந்திரிச்சிருவேன். ஞாயித்துக்கிழமை காலைல எங்க ஏரியா கார்ப்பரேஷன் பார்க்குல பதினோரு பேருக்கு ஒயிலாட்டம் பழக்குறேன், அதுல நாலு பொண்ணுங்க, ஒரு ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர், அண்ணா லைப்ரரில என்னோட பேசாம உக்காந்திருந்தவர்ல ஒருத்தர். அவர் இப்ப என்ன வேலை பாக்குறாருன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது, இடது கால் மட்டும் கொஞ்சம் லேட்டா வைப்பாரு.

உங்க காலேஜ்ல பிள்ளைங்களுக்கு ஒயிலாட்டம் கத்துக்குடுக்க கூப்ட்டீங்கன்னா வர்றேன். எந்த மாவட்டமா இருந்தாலும் சரி, சனிக்கிழமை சாயங்காலம் மூணு மணி நேரம் குடுத்தா போதும், துணியும் சிங்கியும் நானே கொண்டு வர்றேன், பஸ் காசும் வேணாம். முடிஞ்சா ஆஃபர் வராத பிள்ளைங்களை முன்வரிசைல நிறுத்துங்க. நோட்டீஸ் அடிச்சீங்கன்னா பேருக்குக் கீழ கம்பெனியும் டெசிக்னேஷனும் போட வேணாம், ராஜபாளையம் அண்ணாவி மகன்னு போடுங்க.